ஊருக்கு ஒரு கணினி, ஆளுக்கு ஒரு செல்போன்

2001 ஏப்ரலில் பெங்களூரில் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் சிம்ப்யூட்டர். சட்டைப் பையில் அடங்கிவிடும். மூன்று சிறிய ‘டிரிபிள் ஏ’ பேட்டரிகளில் ஓடும். திரையைக் குச்சியால் தொட்டு வேலை வாங்கலாம். எழுத்தில் இருப்பதை இந்தியிலும் கன்னடத்திலும் வாய்விட்டுப் படித்துக் காட்டும். விலையை 200 டாலருக்குள், அதாவது சுமார் 9,000 ரூபாய்க்குள் நிறுத்திவிடலாம் என்று அதைச் செய்தவர்கள் நம்பினார்கள். மேசைக் கணினி ஒன்று வாங்க முப்பது நாற்பதாயிரம் ஆகிக்கொண்டிருந்த காலம் அது.

செய்தவர்கள் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களான சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலான பொறியாளர்களும். 1999-ல் இவர்கள் சேர்ந்து சிம்ப்யூட்டர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தினார்கள். உள்ளே இருக்கும் மின்சுற்றின் வடிவமைப்பையும் பிறர் எடுத்தாளும்படி பொது உரிமத்தின் கீழ் வைத்தார்கள். எளியது, மலிவானது, பல மொழி தெரிந்தது என்ற மூன்று நோக்கங்களும் சிம்ப்யூட்டர் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளுக்குள்ளேயே இருந்தன. 2001-ஆம் ஆண்டின் முக்கியமான கணினிக் கண்டுபிடிப்பு இதுதான் என்று அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங், நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார்.

இன்று இருபது வயதில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் இந்தப் பெயர் தெரிந்திருக்காது. செல்போன் வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. கதை அவ்வளவுதான் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. பைக்குள் அடங்கும் கருவி ஒன்று சாதாரண ஜனங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நம் மண்ணில் உட்கார்ந்து ஒரு கூட்டம் யோசித்தது. அந்த யோசனையில் பாதி நிறைவேறிவிட்டது. மறு பாதியை நாம் கைவிட்டுவிட்டோம். கைவிட்ட பாதியால் யார் கஷ்டப்படுகிறார்கள் என்பதை ரேஷன் கடை வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் பார்த்துவிடலாம்.

சிம்ப்யூட்டரில் ஸ்மார்ட் கார்டு செருகுவதற்கு ஓர் இடம் இருந்தது. என் கண்ணுக்கு அந்தக் கருவியின் உயிர் அங்கேதான் இருந்தது. ஒன்பதாயிரம் ரூபாய்கூடக் கிராமத்துக் குடும்பத்துக்குப் பெரிய தொகை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஆளுக்கொன்று வாங்கச் சொல்லவில்லை. பஞ்சாயத்தோ பள்ளிக்கூடமோ பெட்டிக்கடைக்காரரோ ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். தேவைப்படுகிறவர் தன் அட்டையைச் செருகுவார். அவருடைய கணக்கும் குறிப்பும் அதில்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அட்டையை உருவி மடியில் சொருகிக்கொண்டு போய்விடலாம். அடுத்தவர் வந்து தன் அட்டையைப் போடும்போது முந்தியவரின் விவரம் எதுவும் அங்கே கிடக்காது. கருவி ஊருடையது, விவரம் அவரவருடையது.

இந்த எண்ணம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. எஸ்டிடி பூத்தின் மஞ்சள் பலகை தெருவுக்கு ஒன்று தொங்கிய காலம். வீட்டில் போன் இல்லாதவருக்கு ஊரே ஒரு போனைப் பகிர்ந்துகொள்வது பழகிப்போயிருந்தது. புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராமங்களில் அறிவு மையங்களை நடத்திக்கொண்டிருந்தது. வில்லியனூரில் இருந்த நடு மையம் செய்திகளைத் திரட்டி ஊர் ஊராக அனுப்பும். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டிய அலை உயரக் கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இருந்தது ஒரே ஒரு கணினி. ஆனால் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

இனி அதன் குறைகள். அவையும் சின்னவை அல்ல.

முதல் குறை விலை. வடிவமைப்பு முடிந்து, பிகோபெட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து ‘அமிடா சிம்ப்யூட்டர்’ என்று கடைக்குக் கொண்டுவந்தபோது 2004 ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளைத் திரை வைத்தது பத்தாயிரத்தை ஒட்டி, வண்ணத் திரை வைத்தது இருபதாயிரத்தை ஒட்டி. ஏழைக்கென்று தொடங்கியது நடுத்தரக் குடும்பமே யோசிக்கும் விலையில் வந்து நின்றது. ஒரு பொருள் லட்சக்கணக்கில் விற்றால்தான் அதன் உதிரி பாகங்கள் மலிவாகும். மலிவாக இருந்தால்தான் லட்சக்கணக்கில் விற்கும். இந்த முடிச்சை அவிழ்க்க அரசின் பெரிய கொள்முதல் ஒன்று தேவைப்பட்டது. அது வரவே இல்லை. கர்நாடகத்தில் நிலப் பதிவு விவரங்களைத் திரட்டுவதற்குக் கொஞ்சம், போக்குவரத்துக் காவலுக்குக் கொஞ்சம் என்று சில்லறையாகப் போனதோடு சரி. விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை.

அமிடாவின் வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. கருவியை மணிக்கட்டால் லேசாகச் சொடுக்கினால் திரையில் பக்கம் புரளும். அசைவை உணரும் சில்லு உள்ளே இருந்தது. ஐபோன் அறிமுகமானது 2007-ல் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு தெரியும். குச்சியால் கையெழுத்தில் எழுதி அதை அப்படியே மின்னஞ்சலாக அனுப்பலாம். தமிழ் விசைப்பலகை எது, எழுத்துரு எது என்று தகராறு ஓடிக்கொண்டிருந்த நாளில், எந்த மொழிக்காரரும் தன் கையாலேயே எழுதி அனுப்பும் இந்த வழி எவ்வளவு அறிவானது! 206 மெகாஹெர்ட்ஸ் செயலியையும் சில பத்து மெகாபைட் நினைவகத்தையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள். இன்றைய மலிவு விலை செல்போன்கூட இதைப் போலப் பல பத்து மடங்கு நினைவகத்தோடு வருகிறது.

அதைச் சாய்த்தது விலை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சிம்ப்யூட்டர் மனிதரிடம் பேசியது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேச முடியாது. அதில் போன் கிடையாது. ஜனங்களுக்கு முதலில் எது வேண்டியிருந்தது என்ற கணக்கு அங்கேதான் தவறியது. மண்டி விலை, வானிலை, பட்டா விவரம் எல்லாம் வேண்டியவைதான். அதைவிட முதலில், பிரசவத்துக்குப் போன மகளுக்கு வலி கண்டதா என்று தெரிய வேண்டும்; திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கான வழி சரியாக அதே ஆண்டுகளில் மலிவானது. 1995-ல் சென்னைக்குச் செல்போன் வந்தபோது அழைத்தாலும் காசு, அழைப்பை ஏற்றாலும் காசு. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போனது. பெரிய தொழிலதிபர்களின் பெட்டியில் மட்டும் இருந்த பொருள் அது. 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதே ஆண்டு ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று ஒரு திட்டம் போட்டது. அதே ஆண்டில்தான் நோக்கியா 1100-ம் வந்தது. கை நனைந்திருந்தாலும் தூசி படிந்தாலும் வேலை செய்யும் விசைப்பலகை, தலைப்பக்கம் டார்ச் லைட், கழற்றி மாட்டக்கூடிய பேட்டரி. உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்ற போன் அது. கிணற்றுமேட்டில் மோட்டார் போடப் போகிறவருக்கு அந்த டார்ச் ஒன்று போதும், வாங்கிவிடுவார். மிஸ்டு கால் கொடுத்துப் பேசாமலே சேதி சொல்லும் கலையையும் நம்மவர்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியாவின் ஆலை திறந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் நீலச் சீருடையில் பேருந்து ஏறிப் போய்ப் போன் செய்தார்கள். 2014-ல் அந்த ஆலை மூடப்பட்டது தனித் துயரம்.

செல்போன் ஜெயித்தது நியாயம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு நடந்ததை எல்லோரும் அறிவோம். பைக்குள் இருக்கும் கருவிக்குள் கேமரா போனது, வானொலி போனது, கடிகாரம், கணக்குப் போடும் கருவி, வரைபடம், வங்கி, பேருந்துச் சீட்டு, பாடப்புத்தகம் என எல்லாம் போயின. 2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்தது. இவ்விரண்டும் சேர்ந்த பிறகு பூக்கடை அக்காவின் கூடையிலும் ஒரு கியூஆர் அட்டை சொருகியிருக்கிறது. தமிழைப் பொறுத்தவரை முன்னேற்றம் இன்னும் பெரிது. 2005-ல் மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினத்தைக் கொண்டுவந்து செல்போனில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி செய்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பெரும்பாலான போன்களில் தமிழ் கட்டங்கட்டமாகத்தான் தெரிந்தது. இந்தியாவில் விற்கும் எல்லாச் செல்போனும் 22 இந்திய மொழிகளையும் திரையில் காட்டியாக வேண்டும் என்று 2016-ல் மத்திய அரசு ஆணையிட்டது. இப்போது தமிழைத் தட்டச்சு செய்யலாம், சொல்லச் சொல்ல எழுத வைக்கலாம், எழுத்தைப் படிக்கவும் வைக்கலாம். சிம்ப்யூட்டர் திக்கித் திணறிச் செய்ததை இது சரளமாகச் செய்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தக் கருவி செய்த பெரிய உபகாரத்தை எந்தப் பேராசிரியரும் திட்டமிடவில்லை, ஜனங்களே கண்டெடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பும் வசதி 2013-ல் வந்தது. “வாய்ஸ் போட்டிருக்கேன், கேளு” என்பது இன்றைக்குத் தமிழில் சாதாரணப் பேச்சு. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா துபாயில் இருக்கும் மகனுக்கு வாய்ஸ் போடுகிறார். ஒரு நிமிடம் அழுகிறார், ஒரு நிமிடம் திட்டுகிறார், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். எழுத்தைப் படித்துக் காட்டும் இயந்திரத்தைப் பற்றி 2001-ல் எல்லோரும் யோசித்தார்கள். எழுத்தே இல்லாமல் கடிதம் போகும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. டீக்கடை மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பெட்டியும் இந்த வகைதான். வந்த தொகையைத் தமிழில் சத்தமாகச் சொல்கிறது. கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே காதால் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டையும் பார்க்கும்போதெல்லாம், பேசும் கருவி என்ற அந்தப் பழைய யோசனை எவ்வளவு சரியானது என்று எனக்கு மறுபடி உறுதிப்படுகிறது.

ஆனால் அதே செல்போன் பகிர்ந்துகொள்ளத் தெரியாத கருவி. ஒருவருக்காகவே செய்யப்பட்டது. இது எவ்வளவு பெரிய குறை என்பதை 2020 காட்டிக்கொடுத்தது. மார்ச்சில் பள்ளிகள் மூடி, பாடம் செல்போனுக்கு வந்தபோது எத்தனையோ வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான். அப்பா வேலைக்குப் போனால் வகுப்பும் அவர் சட்டைப் பையில் போய்விடும். இரவு அவர் திரும்பிய பிறகு அண்ணனுக்கு முதலில், மிச்ச நேரம் இருந்தால் தங்கைக்கு. கல்வித் தொலைக்காட்சி இருந்ததால் ஓரளவு தப்பித்தோம். ஒரே கருவியில் பத்துப் பேர் தனித்தனி அட்டையோடு வந்து தங்கள் பாடத்தைப் பார்த்துவிட்டுப் போகும் ஏற்பாட்டை இருபது ஆண்டுக்கு முன்னால் நம் ஊர்க்காரர்களே செய்து வைத்திருந்தார்கள்.

பெண்களுக்கு இந்தக் குறை இன்னொரு வகையில் உறைக்கிறது. வீட்டுக்கு ஒரு போன் இருக்கும் இடத்தில் அது பெரும்பாலும் ஆணின் போன். மனைவியின் வங்கிக் குறுஞ்செய்தி கணவன் போனுக்குப் போகிறது. மகளின் கல்லூரிச் செய்தி அண்ணன் கண்ணில் பட்ட பிறகுதான் அவளிடம் வருகிறது. அட்டையை உருவி மடியில் சொருகிக்கொள்ளும் வசதி அவளுக்கு இல்லை.

சரி, கருவி நம்முடையது. அதில் ஓடும் விவரம் யாருடையது? நாம் எடுக்கும் படம் எங்கோ ஒரு நாட்டின் கணினிக் கிடங்கில். எங்கே போனோம், என்ன தேடினோம், யாரிடம் எவ்வளவு நேரம் பேசினோம் என்பது ஏதேதோ நிறுவனங்களின் கையில். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2023-ல். தீர்ப்பும் சட்டமும் வந்த பிறகும், ஒரு செயலியை நிறுவும்போது அது கேட்கும் அனுமதிகளை யாரும் படிப்பதில்லை. படித்தாலும், மறுத்தால் செயலி ஓடாது. ஊருடைய கருவி, நம்முடைய விவரம் என்றிருந்தது நம்முடைய கருவி, வேறு யாருடையதோ விவரம் என்று அப்படியே தலைகீழாகப் புரண்டுவிட்டது.

ரேஷன் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2017-ல் குடும்ப அட்டை ஸ்மார்ட் அட்டையானது. பெயர் அப்படி இருந்தாலும் அதில் சில்லு கிடையாது. கியூஆர் குறியீடு மட்டும். விற்பனையாளர் கையில் இருக்கும் சிறு கருவி அதை ஒளிவருடி, எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்கும். 2020 அக்டோபர் முதல் ‘ஒரே நாடு, ஒரே ரேஷன்’ திட்டத்துக்காகக் கைரேகையும் வைக்க வேண்டும் என்றானது. போலி அட்டை, போலிப் பட்டியல் இவற்றை ஒடுக்கியதில் இந்தக் கருவிக்கு நல்ல பங்கு இருக்கிறது. புலம்பெயர்ந்த தொழிலாளி எந்த ஊரிலும் அரிசி வாங்கலாம் என்பதும் பெரிய நன்மை. ஆனால் களை வெட்டியும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்த விரலை அது ஏற்காது. பாட்டி துடைத்துத் துடைத்து வைப்பார். எண்ணெய் தடவிப் பாருங்கள் என்பார் வரிசையில் நிற்கும் ஒருவர். பிறகு பல கடைகளுக்குக் கருவிழிக் கருவியும் தந்தார்கள். அதுவும் வேலை செய்ய இணைப்பு வேண்டும். “சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க” என்ற வாக்கியத்தைக் கேட்காத கிராமம் இருக்குமா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் வெறும் பையோடு திரும்புகிறார். உரிமை விவரம் அட்டையிலேயே இருந்தால், கடைக்காரரின் கருவி யாரையும் கேட்காமல் அரிசியைக் கொடுத்துவிட்டு, இணைப்பு வந்ததும் கணக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். சிம்ப்யூட்டரின் ஸ்மார்ட் கார்டு இப்படியான வேலைக்கே பொருத்தமானது.

இணைப்பை நம்பியே இருப்பதன் விலை கடலில் இன்னும் அதிகம். 2004 டிசம்பர் 26 அன்று காலையில் புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அந்த ஊரைச் சேர்ந்தவர் அங்கே தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு அழைத்தார். ஊரில் கடல்நீர் நடந்துகொள்ளும் விதம் ஏற்கனவே சரியில்லை. உடனே அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். படகும் வலையும் வீடும் போயின, மனிதர்கள் பிழைத்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு, ஊருக்குப் பொதுவான ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவுதான் அங்கே இருந்த தொழில்நுட்பம்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களிடம் செல்போன் இருந்தது. ஆனால் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் கரையிலிருந்து எத்தனையோ கடல் மைல் தள்ளிக் கிடந்தன. கரைக் கோபுரத்தின் சிக்னல் சில கடல் மைலோடு நின்றுவிடும். அதற்கப்பால் அந்தப் போன் படம் பார்க்க, பாட்டுக் கேட்க, டார்ச் அடிக்க உதவுமே தவிர, புயல் வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லாது. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கரையில் இருந்த பெண்கள் கடலுக்குப் போனவர்களின் எண்களை மறுபடி மறுபடி அழைத்தார்கள். பிறகுதான் இஸ்ரோவின் செயற்கைக்கோளோடு நேரடியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை விசைப்படகுகளில் பொருத்தும் வேலை தொடங்கியது. அந்தக் கருவி மீனவரின் செல்போனோடு புளூடூத்தில் சேர்ந்துகொண்டு செய்தியைத் தமிழில் காட்டும். பைக்குள் இருக்கும் கருவி எல்லாம் செய்யும் என்று நம்பியதற்கு அந்த ஊர்கள் கொடுத்த விலைக்குப் பிறகு வந்த திருத்தம் அது.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழற்றி மாட்டும் பேட்டரியோடு வந்த போன் கெட்டால் பேருந்து நிலையத்துக் கடையிலேயே புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இப்போது பசை போட்டு ஒட்டி வருகிறது. திறக்கவே தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். வங்கி, அடையாளம், பயணச்சீட்டு, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கருவிக்குள் அடைத்துவிட்டு, அந்தக் கருவியின் உயிரை இரண்டு மூன்று ஆண்டுப் பேட்டரிக்குள் அடைத்து வைத்திருப்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. புயலடித்து இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போகும் கடற்கரை மாவட்டத்தில் இது வெறும் வசதிக் குறைவு அல்ல.

எழுத்துத் தெரியாதவரிடம் மறுபடி வருகிறேன், என் கவலை கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது. 2011 கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதத்தை ஒட்டித்தான். ஐந்தில் ஒருவர் தமிழையே படிக்க முடியாதவர். அவர் கையில் இருக்கும் போனுக்கு வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில். உதவித்தொகை வந்ததா, பிடித்தம் போனதா, ஓடிபி யார் கேட்டார்கள் என்பதை அவர் தெரிந்துகொள்ள இன்னொருவரிடம் போனை நீட்ட வேண்டும். “தம்பி, இதுல என்ன போட்டிருக்கு, பாருப்பா” என்று அவர் நீட்டும் இடம் வங்கி வாசலாக இருக்கும், பேருந்து நிறுத்தமாக இருக்கும். நீட்டிய கை நல்ல கையாக அமைய வேண்டும் என்பது அவருடைய அதிர்ஷ்டம். ஏமாற்றுக்காரர்கள் போனில் தேன் ஒழுகத் தமிழ் பேசுகிறார்கள். எச்சரிக்க வேண்டிய செய்தி ஆங்கிலத்தில் ஊமையாக வந்து கிடக்கிறது.

ஆங்கிலத்தில் அனுப்புவதற்கு ஒரு காசுக் கணக்கும் உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் எழுதினால் 70-ஓடு முடிந்துவிடும். அதற்குள்ளும் ‘கி’ போன்ற உயிர்மெய் ஒன்று இரண்டு குறிகளாக எண்ணப்படும். ஒரே சேதி இரண்டு மூன்று குறுஞ்செய்தியாக உடைந்து, அனுப்பும் நிறுவனத்துக்குச் செலவு கூடும். கைபேசித் தரநிலையிலேயே தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் எழுத்துகளைச் சுருக்கி அனுப்பும் அட்டவணை வகுக்கப்பட்டிருக்கிறது. அதை யாரும் கையாளக் காணோம்.

குரல் தொழில்நுட்பத்துக்கும் இப்போது பஞ்சமில்லை. 2000-ஐ ஒட்டி ரமேஷ் ஹரிஹரன் தொடங்கிய ‘த்வனி’ என்ற படிக்கும் மென்பொருள் அன்றைக்கு இயந்திரம் பேசுவதுபோலத்தான் பேசியது. இன்று சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு தமிழைக் கேட்கவும் பேசவும் தெரிந்த மாதிரிகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. மத்திய அரசின் பாஷிணி திட்டமும் நடக்கிறது. சாதாரண பட்டன் போனிலிருந்தே அழைத்துப் பணம் அனுப்பும் யுபிஐ வசதி 2022-லேயே வந்துவிட்டது. 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அந்தப் பணம் ஏறிய சேதி ஒவ்வொருவருக்கும் அவர் பெயரோடு தமிழ்க் குரலில் போக வேண்டும். அது எடுக்கப்பட்டாலும் அப்படியே போக வேண்டும். எடுத்தவர் அவர் இல்லையென்றால் ஒரே எண்ணை அழுத்திக் கணக்கை நிறுத்திவைக்கும் வசதி அந்த அழைப்பிலேயே இருக்க வேண்டும். ரேஷன் கடைக் கருவி இணைப்பு இல்லாத நேரத்திலும் அட்டையை நம்பி அரிசி கொடுக்க அனுமதிக்கப்பட வேண்டும். தமிழ்க் குறுஞ்செய்திக்கு ஆகும் கூடுதல் சில காசுகளை வங்கிகள் தங்கள் செலவாக ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிடலாம். இதற்கெல்லாம் புதிதாக எந்தக் கருவியும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யாரும் புதுப் போன் வாங்க வேண்டியதும் இல்லை.